ஊர்ப் பணத்தில் ஃபைபர்: சாட்டனூகா செய்ததும் செய்யாமல் விட்டதும்

2010 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் சாட்டனூகா நகரத்து மின்வாரியம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எங்களிடம் மின் இணைப்பு வைத்திருக்கும் எந்த வீடு கேட்டாலும், எந்தக் கடை கேட்டாலும் நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் இணையம் தருகிறோம் என்றது. நகரத்தின் வசதியான பகுதிகளுக்கு மட்டும் என்ற நிபந்தனை கிடையாது. சுமார் 600 சதுர மைல் பரப்பு, 1,70,000 வீடுகளும் நிறுவனங்களும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வேறு எந்த நிறுவனமும் ஒரு ஊர் முழுக்க இந்த வேகத்தைத் தரவில்லை. கூகுள் தன் ஃபைபர் இணைப்பைக் கான்சாஸ் சிட்டியில் விற்க ஆரம்பித்ததே 2012இல்தான். சாட்டனூகாவில் மாதக் கட்டணம் 350 டாலர். ஒரு கிகாபிட்டுக்கு என்ன விலை வைப்பது என்று எங்களுக்கே தெரியாது என்று வாரியத் தலைவர் ஹெரால்டு டிப்ரீஸ்ட் வெளிப்படையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு, ஊராட்சியோ நகராட்சியோ தன் பணத்தில் இணையம் கொண்டுவரலாமா என்ற பேச்சு எங்கே வந்தாலும் சாட்டனூகாவின் பெயரும் கூடவே வரும். ஆதரிப்பவர்கள் அதை ஒரு திருத்தலம் போலக் கொண்டாடுவார்கள். எதிர்ப்பவர்கள் அது ஒரு விதிவிலக்கு, மற்ற ஊர்கள் ஆசைப்படக் கூடாது என்பார்கள். இரண்டு பேச்சிலுமே ஒரு கேள்வி அமுங்கிப் போகிறது. எல்லார் வீட்டு வாசலுக்கும் கேபிள் வந்துவிட்டால் எல்லாருக்கும் இணையம் கிடைத்துவிட்டது என்று ஆகுமா? ஆகாது என்பதற்கும் சாட்டனூகாவே சாட்சி. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பணம்.

தனியார் நிறுவனங்கள் ஏன் சில இடங்களுக்கு வருவதில்லை என்பதில் மர்மம் எதுவும் இல்லை. ஃபைபர் கண்ணாடி இழை அப்படியொன்றும் விலை அதிகம் இல்லை. கம்பம் கம்பமாக ஏறி இழுப்பதற்கும், மண்ணைத் தோண்டிப் புதைப்பதற்கும், அனுமதி வாங்குவதற்கும் ஆகும் கூலிதான் செலவில் பெரும் பங்கு. ஒரு கிலோமீட்டர் தெருவில் 100 வீடு இருந்தாலும் 5 வீடு இருந்தாலும் அந்தக் கூலி ஏறக்குறைய ஒன்றுதான். கேபிள் கடந்து போகும் வீடுகளில் எத்தனை வீடு கனெக்‌ஷன் வாங்கும் என்பது அடுத்த கணக்கு. 100க்கு 40 வீடு சேர்ந்தால் போட்ட பணம் சில வருடங்களில் திரும்பும், 15 வீடுதான் சேர்ந்தால் திரும்பாது. ஆகவே வீடுகள் நெருக்கமாகவும் வருமானம் நன்றாகவும் இருக்கும் தெருக்களில் இரண்டு கம்பெனி போட்டி போடும். மலையடிவாரத்துப் பண்ணை வீடுகளுக்கும் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளுக்கும் பழைய தாமிரக் கம்பியே கதி. ஒஹாயோ மாநிலத்து கிளீவ்லேண்டில் வறுமை மிகுந்த பகுதிகளுக்கு ஏடி அண்டு டி நிறுவனம் புதிய வேகத்தைக் கொண்டுபோகவில்லை என்று 2017இல் தன்னார்வ அமைப்புகள் வரைபடம் போட்டுக் காட்டியது பெரிய விவாதமானது. வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் லாபத்தையும் பார்க்கும் நிறுவனத்திடம் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

இதே சிக்கல் அமெரிக்காவுக்கு மின்சாரத்திலும் வந்திருந்தது. 1930களின் நடுவில் அங்கே பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. தனியார் மின் நிறுவனங்கள் பண்ணைகளுக்குக் கம்பி இழுக்க மறுத்தன. 1933இல் கூட்டாட்சி அரசு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை உருவாக்கி அணைகளைக் கட்டி மின்சாரம் எடுத்தது. அதை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்க ஊர்கள்தோறும் பொது மின்வாரியங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. சாட்டனூகாவின் மின்வாரியமான ஈபிபி 1935இல் அப்படித் தோன்றியதுதான். ஆக, 2000களில் இணையம் பற்றிப் பேச ஆரம்பித்தபோது அந்த ஊரிடம் ஏற்கெனவே கம்பங்கள் இருந்தன, ஏணி வண்டிகளும் லைன்மேன்களும் இருந்தார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் மாதாமாதம் பில் அனுப்பும் பிரிவு இருந்தது. இந்தச் சொத்தை எல்லாம் பூஜ்யத்தில் தொடங்கும் ஊர் முதலில் சம்பாதிக்க வேண்டும். கம்பம் சொந்தமாக இருப்பது மட்டுமே எவ்வளவு பெரிய விஷயம் என்பது, இன்னொருவன் கம்பத்தில் கேபிள் கட்ட அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் எந்தக் கேபிள்காரருக்கும் தெரியும்.

பணம் எங்கிருந்து வந்தது? ஈபிபி கடன் பத்திரம் வெளியிட்டது. அமெரிக்க ஊர்கள் வெளியிடும் பத்திரங்களின் வட்டிக்குப் பெரும்பாலும் கூட்டாட்சி வருமான வரி கிடையாது. அதனால் முதலீட்டாளர்கள் குறைந்த வட்டிக்கே வாங்கிக்கொள்வார்கள். சாட்டனூகா வெளியிட்டது மின்வாரியத்தின் வருமானத்தை ஈடாகக் காட்டிய பத்திரம். சொத்து வரியிலிருந்து எடுத்துக் கட்டும் பத்திரம் என்றால் இணையமே வேண்டாம் என்பவர் தலையிலும் கடன் விழும். வருமானத்தை ஈடு வைத்தால், மின் கட்டணமாகவும் இணையக் கட்டணமாகவும் வருவதிலிருந்து தவணை போகும். பிறகு 2008 நிதி நெருக்கடி வந்தது. ஒபாமா அரசின் ஊக்கத் தொகுப்பிலிருந்து 2009இல் 11.16 கோடி டாலர் மானியம் கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த மானியம் இணையத்துக்காகக் கொடுத்தது இல்லை. மின்சாரத் துறையின் ஸ்மார்ட் கிரிட் திட்டத்துக்காகக் கொடுத்தது.

ஸ்மார்ட் கிரிட் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஊர் முழுக்க மின்கம்பங்களில் சுமார் 1,200 தானியங்கி ஸ்விட்சுகளை வாரியம் மாட்டியது. ஒரு மரம் விழுந்து கம்பி அறுந்தால் அக்கம்பக்கத்து ஸ்விட்சுகள் தங்களுக்குள் ஃபைபர் வழியே செய்தி அனுப்பிக்கொள்ளும். அறுந்த துண்டை மட்டும் தனிமைப்படுத்திவிட்டு மற்ற வீடுகளுக்கு வேறு வழியாக மின்சாரத்தைத் திருப்பும். ஆள் போய் ஃபியூஸ் போட வேண்டியதில்லை. 2012 ஜூலையில் அடித்த புயல்காற்றில் கிட்டத்தட்ட 80,000 இணைப்புகள் பாதிக்கப்பட்டன. அதில் பாதி வீடுகளுக்கு 2 நொடிக்குள் மின்சாரம் திரும்பிவிட்டது. மிச்சப் பாதிக்கும் வழக்கத்தைவிட முன்பே வந்தது. அந்த ஒரு புயலில் மட்டும் 14 லட்சம் டாலர் மிச்சம் என்று வாரியம் கணக்குச் சொன்னது. ஸ்விட்சுகள் பேசிக்கொள்ள இழுத்த அதே இழையில்தான் வீடுகளுக்கு இணையமும் போனது. ஆகவே திட்டத்தின் செலவில் ஒரு பகுதியை மின்சாரத்தின் பெயரிலேயே நியாயப்படுத்த முடிந்தது. சாட்டனூகாவைப் பார்த்து ஆசைப்பட்ட பல ஊர்கள் கவனிக்காமல் விட்டது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

கேபிள் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. டென்னசி கேபிள் நிறுவனங்களின் சங்கமும் காம்காஸ்ட்டும் தனித்தனியே வழக்குப் போட்டன. மின் நுகர்வோர் பணத்தை எடுத்து இணைய வியாபாரம் செய்கிறார்கள், அரசுப் பணத்தோடு நாங்கள் எப்படிப் போட்டி போடுவது என்பது வாதம். வழக்குகள் தள்ளுபடியாயின. ஆனால் வாதத்தில் ஒரு நியாயம் இல்லாமலும் இல்லை. அதனால்தான் டென்னசி சட்டம் இரண்டு கணக்கையும் தனித்தனியே வைக்கச் சொல்கிறது. இணையப் பிரிவு மின்பிரிவிடம் கடன் வாங்கினால் வட்டியோடு திருப்ப வேண்டும், கம்பத்துக்கு வாடகை கட்ட வேண்டும், அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது. நாளடைவில் பணம் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தது. இணையப் பிரிவு கொடுக்கும் வாடகையால் மின் கட்டணம் சுமார் 7 சதவீதம் குறைவாக இருக்கிறது என்று ஈபிபி சொல்கிறது.

350 டாலராக இருந்த கிகாபிட் 2013இல் 70 டாலருக்கு வந்தது. 2015இல் 10 கிகாபிட், 2022இல் 25 கிகாபிட் என்று வேகமும் ஏறிக்கொண்டே போனது. (25 கிகாபிட்டை வைத்து ஒரு சாதாரணக் குடும்பம் என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். அது விளம்பரம்.) 2018இல் வாடிக்கையாளர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். சாட்டனூகாவில் இருக்கும் டென்னசி பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பென்டோ லோபோ 2020இல் ஒரு கணக்குப் போட்டார். முதல் பத்து வருடங்களில் ஊருக்குக் கிடைத்த பலன் 269 கோடி டாலர், வந்த வேலைகள் 9,500 என்றது அது. இந்த மாதிரிக் கணக்குகளைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மின்தடை குறைந்ததால் மிச்சமான பணமும் அதற்குள் இருக்கிறது, ஃபைபர் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய வேலைகளை முழுசாகக் கழித்துப் பார்ப்பதும் எளிதில்லை. ஆனாலும் போட்ட பணம் வீணாகவில்லை என்பதை இன்று எதிர்ப்பவர்களும் மறுப்பதில்லை.

இவ்வளவு நன்றாக நடந்தால் பக்கத்து ஊர்களுக்கும் கொடுக்க வேண்டியதுதானே? கொடுக்க முடியாது. 1999இல் வந்த டென்னசி சட்டப்படி, பொது மின்வாரியம் தான் மின்சாரம் விற்கும் எல்லைக்குள் மட்டுமே இணையம் விற்கலாம். சாலையின் இந்தப் பக்கம் ஈபிபி மீட்டர் இருக்கும் வீட்டில் கிகாபிட் ஓடும். அந்தப் பக்கம் வேறு சங்கத்து மீட்டர் இருக்கும் வீட்டில் டயல்-அப் அல்லது சாட்டிலைட். ஃபைபர் எதிரில் தெரிந்தாலும் கேட்க முடியாது. 2014இல் ஈபிபியும் வட கரோலினாவின் வில்சன் நகரமும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்திடம் போய் முறையிட்டன. 2015 பிப்ரவரியில் ஆணையம் 3க்கு 2 என்ற வாக்கில் இரண்டு மாநிலச் சட்டங்களையும் ஒதுக்கித் தள்ளியது. 2016 ஆகஸ்டில் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. நகராட்சி என்பது மாநிலம் உண்டாக்கிய அமைப்பு. அதன் கையைக் கட்டவோ அவிழ்க்கவோ மாநிலத்துக்குத்தான் அதிகாரம். நாடாளுமன்றம் தெளிவாகச் சொல்லாத வரை கூட்டாட்சி ஆணையம் நடுவில் புக முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பின் அடி விழுந்தது பைன்டாப்ஸ் என்ற சின்ன ஊரின்மேல். சுமார் 1,300 பேர் வாழும் ஊர். 2016இல்தான் வில்சன் நகரம் தன் கிரீன்லைட் ஃபைபரை அங்கே நீட்டியிருந்தது. தீர்ப்பு வந்ததும் இணைப்பைத் துண்டிக்க வேண்டிய நிலை. விற்கத்தானே கூடாது என்று வில்சன் சில காலம் இலவசமாகவே ஓட்டியது. பிறகு 2017இல் மாநிலச் சட்டசபை ஒரு தற்காலிக விலக்கு கொடுத்தது, அதுவும் வேறு நிறுவனம் ஃபைபர் கொண்டுவரும் வரைதான், வந்ததும் வில்சன் வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு ஊர் தன் பக்கத்து ஊருக்கு உதவியதற்கு இவ்வளவு பாடு. இதைக் கட்சிச் சண்டையாகப் பார்ப்பதும் சரியில்லை. டென்னசியில் இந்த எல்லைக் கட்டுப்பாட்டை நீக்க வருடா வருடம் மசோதா கொண்டுவந்தவர் ஜானிஸ் போலிங் என்ற குடியரசுக் கட்சி செனட்டர். அவருடைய சொந்த ஊரான டல்லஹோமாவிலும் நகராட்சி ஃபைபர் ஓடுகிறது. அவருடைய மசோதாக்கள் தேறவில்லை. 2017இல் வந்த சட்டம் கூட்டுறவு மின் சங்கங்களுக்கு மட்டும் வழி திறந்துவிட்டு நகராட்சி வாரியங்களை அப்படியே விட்டது.

சரி, தோற்ற ஊர்கள் எவை? அதைச் சொல்லாமல் போனால் இது விளம்பரக் கட்டுரை ஆகிவிடும். வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரம் சிட்டி பேங்கிடம் 3.35 கோடி டாலருக்குக் குத்தகைக் கடன் வாங்கி பர்லிங்டன் டெலிகாம் தொடங்கியது. வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை. நகரத்தின் பொதுக் கஜானாவிலிருந்து எடுத்தால் 60 நாளில் திருப்ப வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அதை மீறி 1.7 கோடி டாலர் எடுத்தார்கள், திருப்பவில்லை. விஷயம் வெளியே வந்ததும் மூடீஸ் நிறுவனம் நகரத்தின் கடன் தரத்தை இறக்கியது. 2011இல் வங்கி வழக்குப் போட்டது. 2014இல் சமரசம், கடைசியில் நிறுவனம் தனியாருக்கு விற்கப்பட்டது. தொழில்நுட்பம் பழுதில்லை, ஃபைபர் நன்றாகத்தான் ஓடியது. கணக்குத்தான் கோணல், அதைவிட மோசம் கணக்கை மறைத்தது.

யூட்டாவின் ப்ரோவோ நகரத்துக் கதை வேறு மாதிரி. அங்கே 3.9 கோடி டாலர் பத்திரப் பணத்தில் ஐப்ரோவோ என்ற வலைப்பின்னலைக் கட்டினார்கள். ஆனால் யூட்டாவின் 2001ஆம் வருடச் சட்டம், நகராட்சி நேரடியாக வீடுகளுக்கு விற்பதற்கு அத்தனை தடைகள் போட்டிருந்தது. அதனால் நகராட்சி மொத்த வியாபாரி, வீட்டுக்கு விற்பது தனியார் என்று பிரித்தார்கள். வாடிக்கையாளரிடம் நகராட்சிக்கு நேரடித் தொடர்பில்லை, விற்ற தனியார்களுக்கோ பலமில்லை. 2013இல் முழு வலைப்பின்னலையும் கூகுளுக்கு 1 டாலருக்குக் கொடுத்தார்கள். பத்திரக் கடன் மட்டும் ஊர் மக்களிடமே தங்கியது. கூகுள் இணைப்பு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், மின்பில்லில் மாதம் 5.35 டாலர் அதற்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நகராட்சி இணையத்தை எதிர்ப்பவர்கள் மேடைக்கு மேடை சொல்லும் உதாரணம் இது. சொல்லட்டும், உண்மைதானே. ஆனால் கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்ன சட்டத்தைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

மின்வாரியம் இல்லாத சிற்றூர்களுக்கு வழியே இல்லையா என்றால், அதே வெர்மாண்டில் ஒரு நல்ல விடை இருக்கிறது. அங்கே ஊராட்சிகள் வரிப்பணத்தை இணைய வியாபாரத்தில் போட முடியாது. 2008 மார்ச்சில் கிழக்குப் பகுதியின் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் தங்கள் வருடாந்திர ஊர்க் கூட்டங்களில் வாக்கெடுத்து, சேர்ந்து ஃபைபர் போடுவது என்று முடிவு செய்தன. ஈசிஃபைபர் என்று பெயர். அந்த வருடமே நிதிச் சந்தை கவிழ்ந்தது. நம்பியிருந்த பெரிய கடன் போய்விட்டது. அப்புறம் என்ன, ஊர்க்காரர்களிடமே கேட்டார்கள். 2,500 டாலர் அளவிலான கடன் சீட்டுகளை அக்கம்பக்கத்தார் வாங்கினார்கள். அப்படித் திரட்டிய சுமார் 70 லட்சம் டாலரில் ஒவ்வொரு சாலையாகக் கேபிள் நீண்டது. 2015இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, பல ஊர்கள் சேர்ந்து ‘தொடர்பு ஒன்றிய மாவட்டம்’ அமைக்க வழி செய்தது. தண்ணீருக்கும் குப்பைக்கும் பல ஊராட்சிகள் சேர்ந்து ஒரு அமைப்பு வைத்துக்கொள்வது போல. வரி போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நஷ்டம் வந்தாலும் ஊர்க் கஜானாவைத் தொட முடியாது. வாடிக்கையாளர் வருமானத்தை ஈடாகக் காட்டி அடுத்த வருடமே ஈசிஃபைபர் பத்திரச் சந்தைக்குப் போனது. பக்கத்து பர்லிங்டனில் பட்ட சூட்டுக்குப் பிறகு வெர்மாண்ட்காரர்கள் வேலியை எங்கே போட வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஐடஹோ மாநிலத்தின் அம்மன் என்ற ஊர் இன்னும் விசித்திரம். அங்கே இழைக்கான செலவை விரும்பும் வீட்டுக்காரர்கள் மட்டும் ஏற்கிறார்கள். ஒரு தெருவுக்குச் சாக்கடை போட்டால் அந்தத் தெரு வீடுகளுக்கு மட்டும் செலவைப் பிரிக்கும் பழைய முறையை ஃபைபருக்குத் திருப்பிவிட்டார்கள். வீட்டுக்குச் சுமார் 3,000 டாலர், 20 வருடத் தவணை. இழை ஊருக்குச் சொந்தம். அதில் எந்த நிறுவனத்தின் சேவை வேண்டும் என்பதை இணையப் பக்கத்தில் ஒரு பட்டனைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். போட்டிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு சொல்வது கடினம். ஆனால் கடன் வீட்டுமேல் ஏறுவதால் முடிவும் வீட்டுக்காரர் கையில். வாடகைக்கு இருப்பவர் நெட் வேண்டும் என்றால் முதலில் ஓனரைக் கெஞ்ச வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு நெருக்கமானது கேரளாவின் கே-ஃபோன். மாநில மின்வாரியத்தின் கம்பங்களிலேயே இழை கட்டியது, அரசே நிறுவனம் நடத்துவது என்ற இரண்டிலும் சாட்டனூகாவின் சாயல் உண்டு. ₹1,548 கோடித் திட்டம், 2023 ஜூன் 5 அன்று பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். 30,000 அரசு அலுவலகங்களுக்கும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் 20 லட்சம் குடும்பங்களுக்கும் இணைப்பு என்பது வாக்குறுதி. குடும்பங்களுக்கு இலவசம். முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்டது தொகுதிக்கு 100 வீதம் 14,000 வீடுகள். தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் வழியாக 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் ₹1,815 கோடித் திட்டம், மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டம். அதற்கான பணம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருமானத்திலிருந்து கட்டும் அனைவருக்குமான சேவை நிதியிலிருந்து, டெல்லி வழியாக வருகிறது. எந்த ஊராட்சியும் இதற்குக் கடன் வாங்கவில்லை, எந்த ஊராட்சியும் இழைக்கு உரிமையாளரும் இல்லை. செலவு தலையில் விழாதது ஊராட்சிக்கு நிம்மதிதான். ஆனால் பஞ்சாயத்து அலுவலகத்துப் பெட்டி வரை வந்த ஃபைபர் அங்கேயே நின்றால், ஏன் நிற்கிறது என்று கிராம சபையில் கேட்டு யாரையும் பதில் சொல்ல வைக்க முடியாது. சாட்டனூகாவில் வாரிய உறுப்பினர்களை மேயர் நியமிக்கிறார், மேயருக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள்.

இப்போது முதலில் தள்ளி வைத்த கேள்விக்கு வருவோம். சாட்டனூகாவில் 2010 முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா வீட்டையும் கேபிள் கடந்துவிட்டது. கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதியா, வெள்ளையர் பகுதியா, மேட்டுத் தெருவா, பள்ளத் தெருவா என்று பார்க்கவில்லை. மின்சாரம் இருக்கும் வீடு என்றால் இணையமும் உண்டு. இதைப் பொது உடைமை சாதித்தது, தனியார் சாதித்திருக்காது. ஆனால் மாதக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்று. 58 டாலரோ 70 டாலரோ, வீட்டு வாடகையே திண்டாட்டமாக இருக்கும் குடும்பத்துக்கு அது எட்டாத தொகைதான். விலையைக் குறைக்க வாரியத்துக்கு மனமிருந்தாலும் சட்டம் விடாது. அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாதே. 2015இல் பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு 100 மெகாபிட் இணைப்பை மாதம் 26.99 டாலருக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். சட்டத்துக்குள் நின்று போகக்கூடிய எல்லை அது. தனியார் போட்டியாளரைக் காப்பாற்ற எழுதிய விதி, கடைசியில் ஏழை வாடிக்கையாளரைத் தடுத்து நிறுத்தியது.

2020இல் கோவிட் வந்து பள்ளிகள் மூடியதும் இது அம்பலமானது. அமெரிக்காவிலேயே வேகமான இணையம் ஓடும் ஊரில் பிள்ளைகள் பாடம் படிக்க நெட் இல்லாமல் இருந்தார்கள். அந்த ஜூலையில் சாட்டனூகா இருக்கும் ஹாமில்டன் கவுண்டியின் (மாவட்டத்தின்) பள்ளிகளும் ஈபிபியும் சேர்ந்து எட்கனெக்ட் என்ற திட்டத்தை அறிவித்தன. தகுதி பெற்றவர்கள் சுமார் 28,000 மாணவர்கள், அதாவது மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர்களில் பாதிக்கும் மேல். இலவச அல்லது சலுகை மதிய உணவு, அல்லது உணவு உதவி அட்டை, இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ரூட்டரை வாரியமே கொடுத்தது. வேகம் 100 மெகாபிட், மேலேற்றவும் அதே வேகம். பயன்பாட்டு அளவுக்கு உச்சவரம்பு இல்லை, கட்டணமும் இல்லை. மாணவருக்கு என்று கொடுத்தாலும் வீட்டில் எல்லாரும் பயன்படுத்தலாம். அம்மா வேலைக்கு விண்ணப்பிக்கலாம், பாட்டி டாக்டரோடு வீடியோவில் பேசலாம்.

அடக்க விலைச் சட்டம் என்ன ஆனது? அது அப்படியே இருந்தது. ஈபிபிக்குச் சேர வேண்டிய பணத்தை வேறு கைகள் கட்டின. நகரமும் கவுண்டியும் தங்கள் பட்ஜெட்டிலிருந்து பங்கு போட்டன, ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் அறக்கட்டளையும் மற்ற நன்கொடையாளர்களும் சேர்ந்தார்கள். தொடக்கச் செலவு சுமார் 80 லட்சம் டாலர், பத்து வருடத்துக்கு உறுதி. எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான பகுதி இதுதான். கேபிளுக்கு ஆன செலவு தன்னைத் தானே கட்டிக்கொண்டது, அதற்குப் பத்திரம் போதும். ஏழையின் மாதக் கட்டணம் தன்னைக் கட்டிக்கொள்ளாது. அதைப் பள்ளிக் கட்டடத்துக்கும் பேருந்துக்கும் ஒதுக்குவது போல, இவ்வளவு என்று பட்ஜெட்டில் எழுதி ஒதுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கியதால்தான் பல ஊர்களில் திட்டம் ஒன்று நஷ்டத்தில் விழுகிறது, இல்லை ஏழைகளை மறந்துவிடுகிறது.

கூட்டாட்சி அரசு இதைச் செய்யாதா என்றால், செய்து பார்த்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் தள்ளுபடி தரும் திட்டத்துக்கு 2021 உள்கட்டமைப்புச் சட்டம் 1,420 கோடி டாலர் ஒதுக்கியது. 2.3 கோடிக் குடும்பங்கள் சேர்ந்தன. பணம் தீர்ந்தது, நாடாளுமன்றம் மேலும் ஒதுக்கவில்லை, 2024 நடுவில் திட்டம் நின்றது. அதே சட்டம் கேபிள் போட ஒதுக்கியதோ 4,245 கோடி டாலர். அந்தப் பணம் இணையம் எட்டாத இடங்களுக்கு என்பதால் பெரும்பாலும் நாட்டுப்புறத்துக்குப் போகும். நகரத்து ஏழையின் வீட்டு வாசலில் ஏற்கெனவே கேபிள் தொங்குவதால், வரைபடத்தில் அவர் இணையம் கிடைத்தவர். கட்டணம் கட்ட முடியவில்லை என்பதற்கு அந்த வரைபடத்தில் நிறம் கிடையாது. 2025 ஜூனில் விதிகளை மாற்றி, ஃபைபருக்குத் தந்திருந்த முன்னுரிமையை எடுத்துவிட்டு சாட்டிலைட் நிறுவனங்களும் சமமாகப் போட்டியிடலாம் என்றார்கள். அரசு மாறினால் விதி மாறும்.

எட்கனெக்ட்டுக்கும் ஒரு தேதி இருக்கிறது. பத்து வருட உறுதி 2030இல் முடிகிறது. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அப்போது பள்ளி முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கும். அந்த இரண்டு வருடப் பணத்தை நகரமும் கவுண்டியும் எந்தத் தலைப்பில் எழுதப் போகின்றன என்பதை அதற்கு முந்தைய பட்ஜெட் கூட்டங்களில்தான் முடிவு செய்தாக வேண்டும்.